கிணற்றுக்குள் போன வாத்தியார்

சட்டை போடாத மனிதனுக்குச் சட்டைப்பை கிடையாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதனால் வரும் சங்கடம், என்னைப் போல ஓய்வு பெற்றபின் வேட்டியும் வெற்றுடம்புமாக வீட்டில் வளையவருகிறவர்களுக்குத்தான் புரியும். பீரோ சாவியை எங்கே வைத்துக்கொள்வது? இடுப்பில் செருகினால் குனியும்போது விழுகிறது. ஆணியில் மாட்டினால் எந்த ஆணி என்பது மறந்துவிடுகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு ஆண்கள் இதற்குக் கண்டுவைத்திருக்கும் வழி, பூணூல். அதில் சாவியைக் கோத்துக்கொண்டால் ஆள் தொலைந்தால்தான் சாவி தொலையும். சாஸ்திரம் இதற்கு இடம் தருகிறதா என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டு, கூடாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் சாவியை எங்கே வைப்பது?

அந்த நாளில் என் பூணூலில் மூன்று சாவிகளும் ஒரு பின்னூசியும் தொங்கின. (காது குடையும் கம்பி ஒன்றும் உண்டு. அதையெல்லாம் வெளியில் சொல்லாதீர்கள் என்பது என் மனைவி கோமளாவின் கட்டளை. ஆகவே கணக்கில் சேர்க்கவில்லை.) ஐந்தாவதாக வந்து சேர்ந்ததுதான் எம்பி3 பிளேயர்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மகன் ஒரு விடுமுறையில் அதைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு மெல்லிய பேட்டரி. ஐந்து பொத்தான்கள். காதில் செருகிக்கொள்ள இரண்டு குமிழ்கள். "இதுல நாடா எங்கேடா சுத்தறது?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லைப்பா" என்றான். சுற்றாமல் பாடுகிற பொருளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் மனதைப் பறிகொடுத்தது பாட்டுக்கு அல்ல. அதன் நெற்றியில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. நகக்கண் அளவு. அதில் பதினேழு, ஒரு சாய்வுக் கோடு, அறுபத்தொன்று என்று எழுத்து வந்தது. அறுபத்தொரு பாட்டில் இப்போது பதினேழாவது நடக்கிறது என்று அர்த்தமாம். நான் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் தணிக்கைத் துறையில் பிறருடைய எண்ணிக்கையைச் சரிபார்த்தே பொழுதைக் கழித்தவன். தானாக முன்வந்து, கேட்காமலே, சரியான எண்ணிக்கையைச் சொல்லும் ஒரு ஜீவனை அன்றுதான் சந்தித்தேன். நம்பாமல், முன்னே தள்ளும் பொத்தானை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். அறுபத்தொன்று வந்ததும் அடுத்து ஒன்று வந்தது. எங்கும் ஒரு பிசகில்லை.

"எண்ணறதுக்கா அவன் வாங்கிண்டு வந்தான்? பாட்டைக் கேளுங்கோ" என்றாள் கோமளா.

கேட்டேன். பக்கத்து வீட்டில் தறி உண்டு. மத்தியானம் கண்ணயரலாம் என்று படுத்தால் அந்தத் தறியின் அடியை எண்ண ஆரம்பித்துவிடுவேன். எண்ண ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். அவர்கள் நிறுத்தினால் ஏன் நிறுத்தினார்கள் என்ற கவலையில் மறுபடியும் தூக்கம் போய்விடும். காதில் இரண்டு குமிழ்களையும் வைத்துக்கொண்ட அன்று, எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, எதையும் எண்ணாமல் தூங்கினேன். அந்தச் சின்னப் பொருளின் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதையை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பெருமாள் சந்நிதியிலிருந்து வந்த பிரசாதத்தைப் போல அதை இரண்டு கையாலும் வாங்கி, இரண்டு கையாலும் வைத்தேன்.

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடாவும் கூடவே கொடுத்திருந்தான். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். தேர்தல் வேலைக்குப் புறப்பட்ட ஆள் மாதிரி இருந்தது. நாடாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளேயரின் மூலையில் இருந்த துளையில் ஒரு வளையத்தைப் போட்டு, சாவிகளுக்குப் பக்கத்தில் பூணூலில் கோத்துக்கொண்டேன்.

கோமளா பார்த்தாள். "ஏன்னா, சமையல் உள்ளுல ஒரு பித்தளை அண்டா சும்மாத்தான் இருக்கு. அதையும் மாட்டிக்கறேளா?"

அதைப் பொருட்படுத்தியிருக்க வேண்டும்.

அந்த வருஷத்து ஆவணி அவிட்டம் வந்தது. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை பூணூலை மாற்றிக்கொள்கிற நாள் அது. எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடுவோம். வாத்தியார் வந்து மந்திரத்தைத் துண்டு துண்டாகச் சொல்வார். நாங்கள் திருப்பிச் சொல்வோம். (எங்கள் வழக்கில் வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்துக்காரர் அல்ல. வைதிகக் காரியங்களைச் செய்துவைப்பவர்.) புதுப் பூணூலைப் போட்டுக்கொண்டு, பழையதைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதற்கப்புறமும் தர்ப்பணம், ஹோமம் என்று பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால்தான் ஆரத்தி, அப்பம், வடை, பாயசம். அதுவரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது.

இந்த வயிற்று விஷயத்தில்தான் சிக்கல். அந்த வருஷம் என் சம்பந்தி வீரராகவன் மாம்பலத்திலிருந்து எங்களோடு பண்டிகையைக் கொண்டாட வருவதாக இருந்தார். என் பெண்ணின் மாமனார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாடு தாமதமானால் அதை ஒரு விபத்தாகவே பதிவுசெய்துகொள்கிற மனிதர். பெண்ணின் கல்யாணத்தில் காலைப் பலகாரம் தாமதமானதை அவர் அதற்குப் பிறகு எல்லா விசேஷங்களிலும் நினைவுபடுத்தினார். தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க ஊர்ல எத்தனை மணிக்கு முடியும்?"

"ஒன்பது மணிக்கு நீங்க இலைல உட்கார்ந்துடலாம், சம்பந்தி."

"எழுதி வெச்சுக்கலாமா?"

"எழுதி வெச்சுக்கோங்கோ."

இந்த வாக்கைக் கொடுத்த பிறகு, பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலம் சம்பத் வாத்தியார் மொபெட்டில் வந்து இறங்கினார். முகம் சரியில்லை. "மாமா, ஏனாத்தூர் காலேஜ் குடியிருப்புல விடியக்காலம்பற வரச்சொல்லிட்டா. அவாளுக்கு வேலை இருக்காம். வழக்கமா என் தம்பி ஒரு பக்கம் பாத்துப்பான், அவன் பம்பாய் போயிட்டான். நம்ம மண்டபத்துக்கு நான் வர பதினோரு மணி ஆயிடும்."

பதினோரு மணி என்றால் இலை போட ஒரு மணி. என் கண்முன் சம்பந்தியின் முகம் வந்து நின்றது. அந்த நேரத்தில் என் கை தற்செயலாக மார்பில் தொங்கிய பிளேயரில் பட்டது.

அதில் பாட்டு கேட்பதைத் தவிர இன்னொரு வித்தையும் உண்டு. ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தால் எதிரே பேசுகிறவர் குரலை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். கோமளா என்னைத் திட்டுவதை இரண்டு தடவை பிடித்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன். (இரண்டாவது தடவைக்குப் பிறகு அந்தப் பரிசோதனை நிறுத்தப்பட்டது.)

"வாத்தியாரே, நீங்க இப்ப இதுல எல்லாத்தையும் சொல்லிடுங்கோ. நாளைக்கு இதை வெச்சுண்டு நான் நடத்திடறேன்."

வாத்தியார் பிளேயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மெஷின் சொல்லி மனுஷா திருப்பிச் சொல்றதா? அது சரியா வருமா மாமா?"

"மெஷின் எங்கே சொல்றது? அதுக்கு ஒலிபெருக்கியே கிடையாது. என் காதுல மட்டும்தான் கேட்கும். கேட்டுட்டு நான் வாய்விட்டுச் சொல்றேன். எல்லாரும் நான் சொல்றதைச் சொல்லப்போறா. சொல்றது மனுஷன்தானே?"

இந்த வாதம் எனக்கே பிடித்திருந்தது. வாத்தியாருக்கும் வேறு வழி இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, எதிரே ஆட்கள் இருப்பதுபோலவே பாவித்து, இடைவெளி விட்டு விட்டு, எப்போது என்ன செய்ய வேண்டும் என்பது உட்பட முழுவதையும் சொல்லி முடித்தார். ஜன்னலில் எண்ணிக்கை ஒன்று கூடியது. வாத்தியாரையும் சேர்த்து அறுபத்திரண்டு.

மறுநாள் குளித்துவிட்டு மண்டபத்துக்குப் புறப்படும்போது நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பழைய பூணூலோடு சாவியும் போய்விடக் கூடாதே என்று மூன்று சாவிகளையும் பின்னூசியையும் கழற்றி, எண்ணி, கோமளாவின் கையில் கொடுத்து, அவளையும் எண்ணச் சொன்னேன். (கம்பியையும் கொடுத்தேன்.) ஒரு வருஷமும் நான் இதில் தவறியதில்லை. பிளேயரை மட்டும் கழற்றவில்லை. அதன் வேலையே இனிமேல்தானே ஆரம்பம்? அதுவுமன்றி, அன்று காலை அது எனக்கு ஒரு பொருளாகவே தோன்றவில்லை. வாத்தியாராகத் தோன்றியது. வாத்தியாரை யாராவது கழற்றி மனைவியிடம் கொடுப்பார்களா?

மண்டபத்தில் என்னைச் சேர்த்துப் பதினாறு பேர். சம்பந்தி முதல் வரிசையில், கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே மணையில் அமர்ந்து, இரண்டு காதிலும் குமிழைச் செருகி, கண்ணை மூடிப் பொத்தானை அமுக்கினேன். வாத்தியாரின் குரல் என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பேசியது. அத்தனை சுத்தம். அவர் சொல்லச் சொல்ல நான் உரக்கச் சொன்னேன். பதினைந்து குரல்கள் திரும்பி வந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பேரை என் குரலால் நடத்திச் செல்வது என் ஆயுளில் அதுவே முதல் தடவை. ஆபீசில் என் கீழ் இருந்த மூன்று பேரும் நான் சொன்ன எதையும் திருப்பிச் சொன்னதில்லை.

சங்கல்பம் முடிந்து, நல்ல ஓட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டதை எல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டு போனேன்.

"மாமி, சக்கரை கொஞ்சம் கம்மியா போடுங்கோ."

பதினைந்து பேரும் வெறும் வயிற்றுக்காரர்கள். பாதிபேர் அரைத் தூக்கம். "மாமி, சக்கரை கொஞ்சம் கம்மியா போடுங்கோ" என்று மண்டபம் அதிர்ந்தது.

முதல் நாள் நடுவில் கோமளா காபி கொண்டுவந்து நீட்டியது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிளேயருக்கு மந்திரம், காபி என்ற பேதம் இல்லை. வந்ததை வந்தபடி, ஒரு சொல் விடாமல் காப்பாற்றி வைத்திருந்தது. அதன் நேர்மையை அந்த நிலையிலும் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

சம்பந்தி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "இது எந்த வேதத்துல வரது?"

"நீங்க மேல சொல்லுங்கோ" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த மந்திரத்துக்குத் தாவினேன். இனி ஒரு பிழை கூடாது, வாத்தியார் என்ன சொல்கிறாரோ அதை மட்டும், அப்படியே, உடனே செய்துவிட வேண்டும் என்று உறுதி பூண்டேன். அந்த உறுதிதான் என்னைக் கவிழ்த்தது.

புதுப் பூணூலைப் போட்டுக்கொண்டோம். வாத்தியார் குரல் காதுக்குள் சொன்னது: "எல்லாரும் எழுந்து போய், பழைய பூணூலைக் கழட்டி ஜலத்துல விட்டுடுங்கோ."

"எல்லாரும் எழுந்து போய், பழைய பூணூலைக் கழட்டி ஜலத்துல விட்டுடுங்கோ" என்றேன்.

மண்டபத்தின் பின்கட்டில் ஒரு கிணறு உண்டு. தண்ணீர் உப்பு; யாரும் குடிப்பதில்லை. வருஷா வருஷம் பழைய பூணூல் அதில்தான் போகும். பதினைந்து பேரும் சுற்றி நின்று போட்டார்கள். நடத்துகிறவன் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? நான் எல்லாரையும்விடச் சுறுசுறுப்பாகக் கழற்றி, கொஞ்சம் வீசியே போட்டேன்.

இரண்டு காதிலும் யாரோ கிள்ளி இழுத்தாற்போல் இருந்தது. குமிழ்கள் வெளியே வந்தன. வெள்ளை ஒயர் ஒன்று என் மூக்கைக் கடந்து, காற்றில் ஒரு தடவை நெளிந்து, கிணற்றுக்குள் இறங்கியது. அடியிலிருந்து சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. பாக்கு விழுந்தாற்போல் ஒரு சின்னச் சத்தம்.

எல்லாரும் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கிணற்றடியிலேயே நின்றேன்.

"மேல சொல்லுங்கோ, நாழி ஆறது" என்றார் சம்பந்தி உள்ளேயிருந்து.

"மேல சொல்றதுக்கு இல்லை."

"ஏன்?"

"வாத்தியார் உள்ளே போயிட்டார்."

பதினைந்து பேரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பழைய பூணூல்கள் வெள்ளையாக மிதந்தன. வாத்தியாரைக் காணோம். புதுப் பூணூல் போட்டாகிவிட்டது. மிச்சம் முடியாமல் சாப்பிடக் கூடாது. மிச்சம் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. வங்கியில் இருந்த ஒருவர் தர்ப்பணம் தனக்கு வரும் என்று ஆரம்பித்தார். மூன்றாம் வரியில் அவருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் எது முன்னால், எது பின்னால் என்று வாக்குவாதம் வந்தது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் வாசலையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சம்பந்தி கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி. 

அப்போது ஏழுமலை வந்தான். எங்கள் தெருமுனையில் ஆட்டோ நிறுத்துகிறவன். கூட்டம் கிணற்றைச் சுற்றி நிற்பதைப் பார்த்து உள்ளே ஓடிவந்தான்.

"இன்னா சார், எல்லாரும் கெணத்தண்ட நின்னுக்கினு கீறீங்க? யாருனா வுழுந்துட்டாங்களா?"

"வாத்தியார்" என்றார் சம்பந்தி. அவர் வேண்டுமென்றே சொன்னாரா, பசியில் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது.

ஏழுமலை காக்கிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டான். ஒரு காலைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டான். நாலு பேர் அவனைப் பிடித்து இழுத்து, விழுந்தது வாத்தியார் இல்லை, வாத்தியாரின் குரல்தான் என்று விளக்குவதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கியது.

"கொரலா?" அவன் என்னைப் பார்த்தான். "காதுல மாட்டிக்கினு சுத்துவியே, அந்தப் பாட்டுப் பொட்டியா சார்? அத்தப் போய் கெணத்துல போடுவாங்களா?"

"போடச் சொல்லித்து" என்றேன்.

"யாரு?"

"அதுதான்."

ஏழுமலை பக்கத்து வீட்டிலிருந்து பாதாளக் கரண்டி கொண்டுவந்தான். கிணற்றில் விழுந்த குடத்தையும் வாளியையும் கொக்கி போட்டு எடுப்பார்களே, அதுதான். கயிற்றை விட்டு அளைந்தான். மேலே வந்தது ஒரு பெரிய நூல் சிக்கு. எங்கள் பதினாறு பேருடைய பழைய பூணூலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அதன் நடுவே, சொட்டச் சொட்ட, என் பிளேயர். விட்டுவிட்டதைத் திரும்பத் தொடக் கூடாது என்று பதினைந்து பேரும் ஓரடி பின்னால் போனார்கள். நானும் போனேன். ஏழுமலைதான் பட்டு நூல் சிக்கெடுப்பதைப் போலப் பொறுமையாகப் பிரித்து, பிளேயரை உருவி எடுத்து, வேட்டி நுனியில் வாங்கிக்கொள்ளச் சொன்னான். மிச்ச நூலை மறுபடி கிணற்றிலேயே விட்டான்.

பொத்தானை அமுக்கினேன். ஜன்னல் இருட்டாக இருந்தது.

"அத்த வுடு சார். ஐயரு எங்க கீறாரு, சொல்லு. இட்டாந்துடறேன்."

ஏனாத்தூர் என்றோம். ஆட்டோ பறந்தது. அங்கே ஹோமம் முடிகிறவரை ஏழுமலை வாசலிலேயே காத்து நின்றதால் வாத்தியார் தப்ப முடியவில்லை. மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். என் மேல் கோபம் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. மணையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்கே விட்டேள் மாமா?" என்று கேட்டார்.

"கிணத்துல" என்றார் சம்பந்தி.

முதலில் சிரித்தது வாத்தியார்தான். அப்புறம் பதினைந்து பேரும். சிரித்து முடித்துத் தர்ப்பணத்தைத் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. சம்பந்தி இலையில் உட்காரும்போது பன்னிரண்டாகிவிட்டது. கோமளா அவருக்கு இரண்டு வடை அதிகமாகப் போட்டாள். பாயசம் பரிமாறும்போது அவர் தலை நிமிராமல், "மாமி, சக்கரை கொஞ்சம் கம்மியா போடுங்கோ" என்றார். 

பிளேயரை மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்து, கோமளா காயவைத்திருந்த வடாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். காக்கை கொத்தாமல் குடையோடு காவல் இருந்தேன். வடாம் நன்றாகக் காய்ந்து டப்பாவுக்குள் போன பிறகும் அதை எடுக்கவில்லை. இதற்கிடையில் சம்பந்திக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்; அவர் பிடிகொடுக்காமல் பேசினார். அந்த வாரத்திலேயே ஒருநாள், புது பேட்டரி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

ஜன்னல் விளக்கு எரிந்தது. ஒன்று, சாய்வுக் கோடு, அறுபத்திரண்டு. உப்புக் கிணற்றின் அடிவரை போய்வந்தும் ஒன்றுகூடக் குறையவில்லை. வாத்தியார், காபி, சக்கரை, எல்லாம் இருந்தன. ஜன்னலின் ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டது. இப்போதும் இருக்கிறது.

உடனே சம்பந்திக்குப் போன் போட்டு, ஒலிவாங்கியில் காதுக் குமிழை வைத்துப் பாடவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். "கிணத்துல போட்டதா இது?"

"ஆமாம் சம்பந்தி."

பிறகு, "உங்க பிள்ளை அடுத்த தடவை வரச்சே எனக்கும் ஒண்ணு வாங்கிண்டு வரச் சொல்லுங்கோ" என்றார். அன்றோடு அந்தத் தாமதம் மன்னிக்கப்பட்டது. மறக்கப்படவில்லை. ஒவ்வொரு ஆவணி அவிட்டத்தன்றும் காலையில் அவரிடமிருந்து போன் வரும். "கிணறு சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

சம்பத் வாத்தியாரும் அந்த அனுபவத்தை வீணாக்கவில்லை. குரலைப் பதிந்து கொடுக்கலாம் என்ற யோசனை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்காக முழுவதையும் நிதானமாக, காபி இல்லாமல், மறுபடி பதிந்து அனுப்ப ஆரம்பித்தார். அது எங்கெங்கோ போயிற்று. என் பெண்ணின் பிள்ளைக்குப் பூணூல் போட்ட மறு வருஷம், அவனும் அமெரிக்காவில் அதைக் கேட்டுத்தான் ஆவணி அவிட்டம் செய்துகொண்டான். முடித்ததும் எங்களுக்குப் போன் செய்தான்.

"தாத்தா, ஒரு சந்தேகம். பழைய பூணூலைக் கழட்டறதுக்கு முன்னாடி வாத்தியார் மாமா ஒண்ணு சொல்றார். 'சாவி, பின்னூசி, பாட்டு மெஷின் எல்லாத்தையும் எடுத்துட்டேளான்னு ஒரு தடவை பாத்துக்கோங்கோ'ன்னு. இங்கே எல்லாரும் நெஞ்சைத் தொட்டுப் பாத்துண்டோம். அது எந்த சூத்திரத்துல இருக்கு?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோமளா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"உங்க தாத்தா சூத்திரத்துலடா, கண்ணா."